சாயங்காலப் போத்தல்

கலக்கிறார். கலக்காமல் இப்படி இனிக்காது. காலையில் கிளினிக்கில் குடிக்கிற மெதடோன் மருந்தையும் சாயங்காலம் வீட்டில் குடிக்கிற மெதடோனையும் ஒரே நர்ஸ் மிஸ்ஸிதான் ஒரே குடுவையிலிருந்து ஊற்றுகிறாள், இரண்டிலும் அதே ஆரஞ்சு சர்பத்தைத்தான் சேர்க்கிறாள். அப்படியிருக்க காலையில் குடிப்பது தொண்டையில் இறங்கும்போது அடியிலிருந்து ஒரு கசப்பு கிளம்பி வந்து நாக்கின் ஓரத்தைப் பிடித்துக்கொள்கிறது, சாயங்காலம் குடிப்பது பிள்ளைகளின் பிறந்தநாள் விருந்துத் தண்ணீர் மாதிரி வழவழவென்று உள்ளே போய்விடுகிறது. நடுவில் என்ன நடக்கிறது? நடுவில் இருப்பது ஒரே ஓர் ஆள். என் வீட்டுக்காரர் குணசீலன். மிஸ்ஸி போத்தலை மூடி அவர் கையில்தான் கொடுக்கிறாள், என் கையில் கொடுப்பதில்லை, நான் பக்கத்தில் நின்றாலும் என் தலைக்கு மேலே நீட்டிக் கொடுக்கிறாள். அவர் அதை மோட்டார் வண்டியின் பெட்டியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்து, இரும்புப் பெட்டியில் பூட்டி, சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறார். எனக்குத் தாலி மாதிரி அவருக்கு அந்தச் சாவி. குளிக்கும்போதுகூடக் கழற்றுவதில்லை. வேலை முடிந்து வந்து திறந்து கொடுப்பார், நான் குடிப்பேன், காலிப் போத்தலை மறுநாள் கிளினிக்கில் திருப்பிக் கொடுக்கவேண்டும். இன்றைக்கு இன்னும் காணோம். காவல் நிற்கிற ஜாகா வேலைதானே, மாற்று ஆள் வந்தால் கிளம்பவேண்டியதுதானே. மாற்று ஆள் வரவில்லையோ, இல்லை வேண்டுமென்றே தாமதிக்கிறாரோ, வலியை எவ்வளவு நேரம் தாங்குகிறேன் என்று பார்க்கிறாரோ. கொட்டாவி வருகிறது. இது எந்தக் கொட்டாவி? தூக்கக் கொட்டாவியா, மருந்து குறைகிற கொட்டாவியா? மதியம் தூங்கினேன். அப்படியானால் தூக்கக் கொட்டாவி இல்லை. ஆனால் சரியாகவா தூங்கினேன், புரண்டுகொண்டுதானே கிடந்தேன். மேலுதட்டில் வியர்வை. அதற்கும் அதே கேள்வி, இந்த ஊர் வெயிலில் யாருக்குத்தான் வியர்க்கவில்லை, எதிர்வீட்டு நாய்க்கும்தான் நாக்குத் தொங்குகிறது, அதுவும் மெதடோனா குடிக்கிறது. மற்றவர்களுக்குக் கொட்டாவி வந்தால் வாயை மூடிக்கொள்கிறார்கள், எனக்கு வந்தால் நான் விசாரணை வைக்கிறேன்.

இடுப்பைச் சாய்த்து உட்கார்ந்தால் கொஞ்சம் தேவலை. இல்லை, தேவலை இல்லை, எலும்பில் இரும்புப் பிளேட் இருக்கிற இடம் நாற்காலியில் அழுந்துகிறது. கையுறைத் தொழிற்சாலை பஸ் கவிழ்ந்தபோது என் மேல் ஒரு வரிசை இருக்கை அப்படியே வந்து உட்கார்ந்தது, ஆட்களோடு. எலும்பை ஒட்டவைத்தார்கள், பிளேட் வைத்தார்கள், இனிமேல் நடக்கலாம் என்றார்கள், நடந்தேன், வலியும் கூடவே நடந்தது. அதற்கு மாத்திரை. மாத்திரை போதாமல் இன்னும் மாத்திரை. டாக்டர் கொடுக்கமாட்டேன் என்றபோது மார்க்கெட்டுக்குப் பின்னால் நிற்கிற ஆள் கொடுத்தான், மாத்திரை கிடைக்காத வாரம் இருமல் மருந்து கொடுத்தான், எனக்கு இருமலே கிடையாது. அதெல்லாம் முடிந்த கதை. கிளினிக்கில் முதல் நாள் வரிசையில் நின்றேன், முன்னாலும் பின்னாலும் ஆண்கள், பச்சை குத்திய கைகள், கன்னம் ஒட்டிப்போன முகங்கள். மிஸ்ஸி என்னைப் பார்த்து, "மகனுக்காக வந்திருக்கீங்களா அக்கா? அவரு நேர்ல வரணுமே" என்றாள். எனக்கு மகனே இல்லை. "எனக்குத்தான்" என்றேன். அவள் முகம் மாறியது, அந்த மாற்றத்தை நான் இன்னும் மறக்கவில்லை, அக்கா என்று கூப்பிட்ட வாயை அவள் திரும்ப வாங்கிக்கொள்ளப் பார்த்தது போல இருந்தது. பிறகு டாக்டர், சின்ன வயது, நல்ல மாதிரி, படம் வரைந்தே விளக்கினார். மாத்திரைப் பழக்கத்துக்கு ஒரு தடவை குடித்தால் ஒரு நாள் முழுக்கத் தாங்கும் ஆண்ட்டி, வலிக்கு அப்படி இல்லை, வலிக்கு அரை நாள்கூடத் தாங்காது, உங்களுக்கு இரண்டும் இருப்பதால் ஒரே மருந்தை இரண்டாகப் பிரித்துத் தருகிறேன், காலையில் இங்கே, சாயங்காலம் வீட்டில். ஒரே மருந்து, ஒரே உடம்பு, உள்ளே இரண்டு பேர் உட்கார்ந்து பங்கு கேட்கிறார்கள். ஆனால் வீட்டுக்குக் கொடுப்பது சலுகை, உரிமை இல்லை என்றார். ஒரு சொட்டு கூடக்குறைய இருந்தாலும், போத்தல் திரும்பி வராவிட்டாலும், யாருக்காவது கைமாறினாலும், சலுகை போய்விடும். போனால் எனக்கு சாயங்காலம் கிடையாது. சாயங்காலம் இல்லையென்றால் வலி, வலி என்றால் மார்க்கெட்டுக்குப் பின்னால் நிற்கிற ஆள், அவன் நம்பரை அழித்துவிட்டேன் என்று இவரிடம் சத்தியம் செய்தேன், அழிக்கத்தான் செய்தேன், ஆனால் மனப்பாடமாக இருப்பதை எந்த விரலால் அழிப்பது.

அதனால்தான் வாயைத் திறக்கமுடியவில்லை. திறந்து என்ன சொல்வேன்? டாக்டர், சாயங்கால மருந்து வேலை செய்யவில்லை. உடனே அவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்ப்பார். கூட்டிக் கேட்கிறாள் என்று அவர் நினைப்பது எனக்குக் காதில் கேட்கும். பழகினவள் வலிக்கிறது என்றால் அது வலி இல்லை, ஆசை. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள், எனக்கு வந்திருப்பதையே நான் நிரூபிக்க வேண்டியிருக்கிறது. சரி, வீட்டுக்காரர் சர்பத்துத் தண்ணீர் கலக்கிறார் என்று சொல்லலாம். சொன்னால் போத்தலை நிறுத்திவிடுவார்கள். அதோடு அது எனக்கு மட்டும் தெரிந்த உண்மையா, இல்லை நானே கட்டிய கதையா? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். இப்போது இந்த இடுப்பில் இருப்பது எது? எனக்கென்று ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். வலி ஓர் இடத்தில் உட்காரும், ஆசை வீடு முழுக்க நடக்கும். தழும்பை அழுத்திப் பார்க்கிறேன். வலிக்கிறது, உட்கார்ந்துதான் இருக்கிறது. ஆனால் நானும் உட்கார்ந்திருக்கவில்லையே, இதற்குள் எத்தனை முறை கிரில் கதவுக்கும் அடுப்படிக்கும் நடந்துவிட்டேன். அப்படியானால் இரண்டுமா? இரண்டும் ஒன்றையொன்று சாட்சிக்குக் கூப்பிடுகின்றன, வேலிக்கு ஓணான் சாட்சி. போன மாதம்வரை இப்படி இல்லை. போன மாதம்வரை சாயங்காலம் குடித்தால் ஒரு மணி நேரத்தில் இடுப்புக்குள் யாரோ விளக்கைச் சின்னதாக்கியது போல் இருக்கும், காய் நறுக்குவேன், ரேடியோ கேட்பேன், அவரைக் கிண்டல் செய்வேன். இப்போது நறுக்குகிறேன், கேட்கிறேன், கிண்டல் மட்டும் வரவில்லை.

விற்கிறாரோ. சீ. ஏன் சீ, விற்கிறவர்கள் இல்லையா, வரிசையில் எனக்கு முன்னால் நிற்கிறவன் வாயிலேயே வைத்துக்கொண்டு வெளியே போய் இன்னொருவனுக்குத் துப்பி விற்றானாம், அதனால்தான் இப்போது குடித்து முடித்ததும் தண்ணீர் குடிக்கச் சொல்லி, பெயரையும் சொல்லச் சொல்கிறார்கள். தினமும் காலையில் மிஸ்ஸி முன்னால் வாயைத் திறந்து "அம்பிகாவதி" என்று என் பெயரை நானே சொல்கிறேன். ஆனால் இவர் விற்றால் அந்தப் பணம் எங்கே போகிறது, சட்டை அதே சட்டை, செருப்பு அதே செருப்பு. விற்கவில்லை. அப்படியானால் அவர் அக்கா ரத்னமணி. ஆமாம். தீபாவளிக்கு வந்தபோது அடுப்படியில் நின்று, எனக்குக் கேட்கட்டும் என்றேதான் சொன்னாள். "பேய ஓட்ட பிசாச கூப்பிட்ட கத. அதுவும் போத, இதுவும் போத. நீ கொஞ்சம் கொஞ்சமா தண்ணிய கூட்டி கொடுத்து நிறுத்திடு தம்பி, அவளுக்கே தெரியாது." தம்பி அதற்கு என்ன சொன்னார்? முறுக்கை எடுத்துக் கடித்தார். அந்தக் கடிக்கு என்ன அர்த்தம் என்று நான் அன்றிலிருந்து யோசிக்கிறேன். அக்கா சொல் தட்டாத தம்பி. அவள் சொன்னதால்தான் என்னைக் கட்டினார், அவள் சொன்னால் வெட்டியும் விடுவார். எனக்குத் தெரியாதாம். என் நாக்குக்குத் தெரியாது என்று நினைக்கிறார்கள். கால், கை, கண்ணீர் எல்லாம் பொய் சொல்லும், என் நாக்கு மட்டும் சொல்லாது, கசப்பை அது எங்கிருந்தாலும் கண்டுபிடிக்கும். எனக்குக் கோபம் வருகிறது. கோபத்தைவிட அழுகை அதிகமாக வருகிறது. எனக்காகக் குறைப்பதென்றால் என்னிடம் சொல்லிவிட்டுக் குறைக்கக்கூடாதா, நான் என்ன மாட்டா, தவிட்டில் மருந்தைக் கலந்து வைக்க.

எடுத்தது எங்கே போகிறது என்று பார்த்துவிடவேண்டியதுதான். தொட்டியில் ஊற்றினால் எறும்பு வரும், அவ்வளவு சீனி அதில், எறும்பு வரவில்லை. அப்படியானால் ஒளித்திருக்கிறார். இவரா, என்னிடமா? ஒளிப்பதில் நான் பெரிய பட்டம் வாங்கினவள். அரிசி டின்னுக்கு அடியில், சாமி படத்துக்குப் பின்னால், தலையணை உறைக்குள், கக்கூஸ் தொட்டி மூடிக்குக் கீழே, எல்லாம் நான் குடியிருந்த இடங்கள். ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் பார்க்கிறேன். சாமி படத்துக்குப் பின்னால் பல்லி, மன்னிச்சுக்கோ. ஒன்றுமில்லை. எனக்குத் தெரிந்த இடத்தில் வைக்கமாட்டார், அவர் ஜாகா, பத்து வருடமாக அடுத்தவன் வீட்டுக்குக் காவல் இருக்கிறவர், திருடியின் மூளையை வைத்துத்தான் யோசிப்பார். திருடியால் முடியாதது எது? ஏறுவது. என் இடுப்பு நாற்காலிமேல் ஏறாது. நிமிர்ந்து பார்க்கிறேன். அலமாரிக்கு மேலே வெள்ளப் பை. வெள்ளம் வந்துபோன வருடத்திலிருந்து எங்கள் தாமான் குடியிருப்பில் எல்லா வீட்டிலும் இப்படி ஒரு பை, பிறப்புப் பத்திரம், மெழுகுவத்தி, இரண்டு மாற்றுத் துணி, பிளாஸ்டிக்கில் கட்டி உயரத்தில் போட்டிருப்பார்கள், தண்ணீர் வந்தால் தூக்கிக்கொண்டு ஓட. அந்தப் பையின் வாயில் முடிச்சு புதிதாக இருக்கிறது. துணி காயப்போடும் கம்பால் எட்டி இழுக்கிறேன், இடுப்பு கத்துகிறது, கத்தட்டும், பை மெத்தையில் விழுகிறது.

பத்திரங்கள். மெழுகுவத்தி. அவருடைய ஒரே ஒரு கைலி. மற்றதெல்லாம் என்னுடையது. என் காலுறை, என் வெந்நீர்ப் பை, நான் குந்தி உட்கார முடியாது என்பதால் ஒரு மடக்கு ஸ்டூல், இதை எப்போது வாங்கினார், எனக்குத் தெரியாதே. எல்லாவற்றுக்கும் அடியில் துண்டில் சுற்றி ஒரு போத்தல். பெரியது. ஆரஞ்சு நிறம். நிறைந்திருக்கிறது. மூடியைத் திறக்கிறேன், விரல் நுனியை நனைத்து நாக்கில் வைக்கிறேன், கசப்பு, அப்பா, என்ன கசப்பு, போன மாதத்திலிருந்து எனக்கு வராமல்போன கசப்பெல்லாம் இதற்குள் உட்கார்ந்திருக்கிறது. ஒரு மூடி. ஒரே ஒரு மூடி குடித்தால் என்ன, இது என்னுடையதுதானே, என் வாயிலிருந்து எடுத்ததுதானே. கொஞ்சம் கூடினால் உடனே தெரியாது ஆண்ட்டி, மெதுவாக ஏறும், தூங்கும்போது மூச்சு விட மறந்துவிடும் என்று டாக்டர் சொன்னார். இதில் எவ்வளவு மருந்து எவ்வளவு சர்பத்து என்று யாருக்குத் தெரியும், எடுத்தவருக்கே தெரியாது. ஆனாலும் ஒரு மூடி. அப்போது எனக்கு என் பழைய புத்தி வந்தது, நல்ல புத்தி இல்லை, சந்தேகப் புத்தி. இது பொறி. அளவுக்கு எங்காவது பேனாவால் ஒரு கோடு போட்டிருப்பார், நான் தொட்டேனா என்று வந்து பார்ப்பார், அக்காவுக்குப் போன் போடுவார். போத்தலைச் சுற்றிச் சுற்றிப் பார்க்கிறேன், வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறேன். கோடு இல்லை. எங்கேயும் இல்லை. பூனையைக் காவல் வைத்துவிட்டுப் பாலைக்கூட அளக்காமல் போயிருக்கிறார். மூடியை மூடினேன். மூடிய பிறகுதான் காலுறையும் ஸ்டூலும் கண்ணில் பட்டன, முன்பும் பட்டன, அப்போது புரியவில்லை. இது நிறுத்துவதற்காக எடுத்தது இல்லை.

வெள்ளத்தின்போது எங்களைப் பள்ளிக்கூட மேல்மாடியில் வைத்திருந்தார்கள். கிளினிக் தண்ணீருக்குள். முதல் நாள் தாங்கினேன். பிறகு எலும்புக்குள் எறும்பு, வாந்தி, பேதி, வகுப்பறை முழுக்கப் பாய் போட்டுப் படுத்திருந்த சனங்கள் நடுவில் நான் என்னைக் கட்டுப்படுத்த முடியாமல் நனைத்துக்கொண்டேன், இடுப்பு தனியாக ஒரு பக்கம் அறுபட்டது. பக்கத்தில் படுத்திருந்தவள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு நகர்ந்துபோனாள். இவர் கழுத்தளவு தண்ணீரில் இறங்கி எங்கேயோ போனார், சாதாரண மாத்திரை அட்டை ஒன்றைத் தலைமேல் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தார், தலைவலி மாத்திரை. அதைப் பார்த்து நான் சிரித்தேன். பிறகு மாடிப்படியோரம் இவரை இழுத்து, கீழே தண்ணீரைக் காட்டி, ஒன்று கேட்டேன். என்ன கேட்டேன் என்று நான் இதுவரை நினைத்துப் பார்த்ததில்லை, நினைக்கவிடாமல் மனம் அந்த இடத்தில் வேறு பக்கம் திரும்பிக்கொள்ளும். இப்போது திரும்பவில்லை. தள்ளிவிடுங்க என்று கேட்டேன். யாரும் பார்க்கமாட்டார்கள், கால் வழுக்கியது என்று சொல்லுங்கள் என்றேன். அவர் என் இரண்டு கையையும் தன் கைலியால் சேர்த்துக் கட்டிக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தார். அதற்குப் பிறகு அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. நான் அவர் மறந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். மழைக்காலம் அடுத்த மாதம் ஆரம்பிக்கிறது.

மோட்டார் சத்தம். கிரில் திறக்கிறது. பையை எடுத்து மேலே போட முடியாது, மறைக்கவும் தோன்றவில்லை. அறை வாசலில் நின்றார், காக்கிச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. முதலில் மெத்தையைப் பார்த்தார், பிறகு போத்தலை, பிறகுதான் என் முகத்தை, என் கண்மணிகளை, டாக்டர் பார்க்கிற மாதிரி.

"குடிச்சிட்டியா?"

"இல்ல. நக்கிப் பாத்தேன்."

நம்புகிறாரா என்று பார்த்தேன். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். கிட்டே வந்து என் மூச்சை மோந்து பார்ப்பார் என்று நினைத்தேன், பார்க்கவில்லை.

"மாத்து ஆளு வரல, அதான் லேட்டு," என்றார்.

"ஒரு மாசமா நான் செத்துக்கிட்டு இருக்கேன். உங்க அக்கா பேச்ச கேட்டு நிறுத்தப் பாக்கறீங்கன்னு நெனச்சேன்."

"அக்காவுக்கு என்னா தெரியும். அவ அன்னிக்கு அந்த மாடியில இருந்தாளா?"

"வலிக்குதுன்னு சொன்னேனே. அப்பக்கூட வாயத் தொறக்கல நீங்க. நம்பலன்னுதான நெனப்பேன்."

"நம்பாமயா இத சேத்து வெச்சேன்," என்றார். "தெனமும் நீ மூஞ்ச சுளிக்கறத பாத்துக்கிட்டேதான் எடுத்தேன். தண்ணி வந்தா என்னா பண்ணுவ? நீ அப்படி கேட்டா நான் என்னா பண்ணுவேன்?"

எனக்கு அவரை அடிக்கவேண்டும்போல் இருந்தது, கட்டிக்கொள்ளவும் வேண்டும்போல் இருந்தது, இடுப்பு இரண்டுக்கும் விடவில்லை. கிளினிக்குக்குத் தெரிந்தால் சலுகை போகும், இவருக்கும் அது தெரியும், தெரிந்தும் எடுத்திருக்கிறார். டாக்டரிடம் போய்ச் சொல்லிவிடலாமா, மழைக்காலத்துக்கு ஒரு வழி கேட்கலாமா, கேட்டால் வழி சொல்வாரா, போத்தலைப் பறிப்பாரா? தெரியவில்லை. கேட்கத்தான் வேண்டும். இன்றைக்கு இல்லை. இவர் அரைஞாணிலிருந்து சாவியை எடுத்து இரும்புப் பெட்டியைத் திறந்து இன்றைய போத்தலைக் கொடுத்தார், குடித்தேன், கசந்தது. இன்றைக்கு எடுக்கவில்லை, எடுக்க இன்னும் நேரம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

"இனிமே என் பங்குல கைய வெக்காதீங்க," என்றேன். "அடுத்த வாரம் டாக்டருகிட்ட நீங்களும் வாங்க, வெள்ளத்த பத்தி நீங்களே சொல்லுங்க. அதுவரைக்கும் இது இருக்கட்டும். ஆனா வேற எடத்துல வைங்க. எங்கன்னு எங்கிட்ட சொல்லாதீங்க."

"நெஜமாவா?"

"நான் குளிக்கப் போறேன். அதுக்குள்ள வைங்க."

குளியலறைக் கதவைத் தாழ் போட்டேன். குழாயை முழுக்கத் திறந்தேன், வாளியில் தண்ணீர் அடிக்கிற சத்தம் காதை நிறைக்கவேண்டும் என்று. நிறைக்கவில்லை. காது தண்ணீரைத் தள்ளிவிட்டு வெளியே போகிறது, எனக்குத் தெரியாமல் அதற்கு ஒரு வாழ்க்கை இருக்கிறது. அவர் நடக்கிறார். அறையிலிருந்து கூடம். கூடத்தில் நின்றார். கேட்காதே, வேறெதையாவது நினை, நாளைக்கு என்ன சமைக்கலாம், வாழைக்காய் இருக்கிறது, கேட்காதே. அடுப்படி. இந்த மனுஷனுக்குச் செருப்பைக் கழற்றிவிட்டு நடக்கத் தெரியாதா. இரும்பு வளையம் சிமெண்டில் உரசுகிற சத்தம். கேஸ் சிலிண்டரை நகர்த்துகிறார். அதற்குப் பின்னால் சுவரில் செங்கல் பெயர்ந்த ஒரு பொந்து இருக்கிறது. மறுபடி உரசல், சிலிண்டர் பழைய இடத்துக்குப் போகிறது. எனக்குத் தெரிந்துவிட்டது. இனி ராத்திரி முழுக்க அந்தப் பொந்து என்னோடு படுத்திருக்கும். தெரியாது என்று சொல்லிவிட்டால் அவர் நம்புவார், கோடு போடாத ஆள், நம்பத்தான் செய்வார். அதை நினைக்கும்போதே ஒரு சந்தோஷம் எழுந்து வீடு முழுக்க நடக்க ஆரம்பித்தது, அதை எனக்கு நன்றாகத் தெரியும், அது வலி இல்லை.

குழாயை மூடினேன். ஒரு சொம்புகூட ஊற்றிக்கொள்ளாமல் கதவைத் திறந்தேன். கையைக் கழுவிக்கொண்டு அடுப்படியில் நின்றார்.

"கேட்டுருச்சு," என்றேன். "வேற எடம் பாருங்க."